சக்கரத்தின் கீழ்ப் புளி

மார்ச் பதினோராம் தேதி, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். ஜமுனாமரத்தூரிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கிக்கொண்டிருந்த எங்கள் பேருந்து ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றது. முன்னால் புளி ஏற்றிய லாரியொன்றின் பின்சக்கரம் ஓரப் பள்ளத்தில் இறங்கி, சாலை முழுதும் அடைபட்டிருந்தது. பின்னால் வேன்கள் வந்து நெருங்கிவிட்டன. பேருந்தின் படிக்கட்டுக் கதவு பாறையில் இடித்ததால் திறக்க முடியவில்லை. என் சன்னலுக்கு வெளியேயும் பாறைதான்.

மறுநாள் காலை கல்லூரியில் நான் கட்டுரை வாசிக்க வேண்டும். முன்பு ஒருமுறை பேருந்து வராததால் அந்த வாசிப்பைத் தவறவிட்டிருந்தேன். இம்முறையும் நான் வராவிட்டால் மதிப்பெண் இல்லை என்று பேராசிரியை சொல்லியிருந்தார்.

கட்டுரை 'ஃபியாஸ்கோ' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றியது. அலங்கோலமான தோல்வி என்பது அதன் பொருள். இத்தாலிய மொழியில் அது வெறும் குப்பி. மேடையில் சொதப்பிய நடிகனை அங்கே 'குப்பி செய்தான்' என்றார்கள். சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஏன் குப்பி? கண்ணாடி ஊதுபவன் அழகிய கலம் செய்யப்போய்ப் பிசகினால், அதைச் சாதாரணக் குப்பியாக்கிவிடுவான் என்றொரு கதை உண்டு. அதை நம்பி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

"இருட்டுறதுக்குள்ள போய்டலாமாண்ணா?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"லாரிக்காரன் மனசு வெக்கணும்மா."

சக்கரத்துக்கு அணைகொடுக்கக் கல் தேடினார்கள். எங்கள் பேருந்திலிருந்து ஓட்டுநரின் கதவு வழியே இறங்கிப்போன வெள்ளைச் சட்டைக்காரர், "கல்லு இன்னாத்துக்குய்யா? புளி மூட்டைய வை. மெத்துனு புடிச்சிக்கும்" என்றார்.

இரண்டு மூட்டைகளை வைத்தார்கள். லாரி உறுமியது. சாக்குகள் கிழிந்தன, தூறலில் புளி கரைந்து வழுக்க, சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கியது. பின்னால் நின்று தள்ளியவர்கள் தலைமுதல் கால்வரை புளியாக நின்றார்கள்.

"ரசத்துக்குக் கரைச்சாச்சு, மொளகு கொண்டாங்க!" என்று என் பக்கத்து இருக்கைப் பெண் கத்தினார். பேருந்தே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சன்னலில் அதே பாறை.

பிறகு காரணங்கள் தொடங்கின. தூறல்தான் கெடுத்தது என்றார் நடத்துநர். "இந்த வருசத்துப் புளி சரியா காயலம்மா" என்றார் பக்கத்து இருக்கைப் பெண். வெள்ளைச் சட்டைக்காரரோ, "நான் எங்க மூட்டைய வெக்கச் சொன்னேன்? அவனா வெச்சான், அவனா ஏறி மிதிச்சான்" என்றார்.

"அய்ய, நீதானேய்யா சொன்ன! இத்தினி பேரு கேட்டமே!" என்றார் லாரியைத் தள்ளியவர்களில் ஒருவர்.

"நீ வேற யாரையோ பாத்திருப்ப."

எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது. அரைமணி நேரத்தில் அதற்கு மூன்று கதைகள். மடியிலிருந்த கட்டுரையைப் பார்த்தேன். அதிலிருந்த கண்ணாடி ஊதுபவனை யாரும் பார்த்ததுகூட இல்லை.

பொழுது சாயும் வேளையில் கீழிருந்து வந்த பேருந்து லாரிக்கு அப்பால் நின்றது. திரும்ப வழியில்லாததால் பின்னோக்கியே அடுத்த வளைவுவரை இறங்கி அங்கே திருப்பி, எங்களை ஏற்றிப்போகச் சம்மதித்தார் அதன் ஓட்டுநர். நாங்கள் எங்கள் ஓட்டுநரின் கதவு வழியே ஒவ்வொருவராக இறங்கி, புளிச் சேற்றை மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனோம்.

மறுநாள் காலை அந்த இரண்டு பக்கங்களையும் உருவி எடுத்துவிட்டு வகுப்பில் வாசித்தேன். கட்டுரை, 'ஏன் குப்பி என்பது உறுதியாகத் தெரியவில்லை' என்ற வரியோடு முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் பேராசிரியை.

"அவ்வளவுதாங்க, மேடம்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.