மாமியார் நீட்டிய கால்

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமான புதிது. கடம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் பிடிக்க, கணவர் ஓட்டிய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் என் வலது குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது.

உள்ளூரில் போட்ட தையல் நிற்கவில்லை. தோல் கறுத்து அழுகி, குதிகாலை இழுத்துப் பிடிக்கும் தடித்த நரம்பும் வீணாகிவிட்டது. சென்னைக்குக் கொண்டுபோய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, நான் தூங்குவதாக நினைத்து என் மாமியாரிடம் சொன்னாள்: "நொண்டிக் காலை வெச்சிக்கினு இவ இன்னா குடும்பம் நடத்தப் போறா? அம்மா ஊட்டுக்கே அனுப்பிடு."

மாமியார் பதிலே பேசவில்லை. அனுப்பத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் வந்து விளக்கினார். இடது கெண்டைக்காலில் தோலைச் சதையோடு பெயர்த்து, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே வலது குதிகால் புண்ணின் மேல் தைப்பார்களாம். அங்கே பிடிக்கும்வரை வாரக்கணக்கில் இரண்டு கால்களையும் சேர்த்து மாவுக்கட்டு. அப்புறம்தான் வெட்டிப் பிரிப்பார்களாம். பிடிக்காவிட்டால்? அதற்கு அவர் உறுதி சொல்லவில்லை.

சட்டென்று மாமியார் புடவையைக் கொஞ்சம் தூக்கித் தன் காலை நீட்டினார்.

"நல்லா கீற காலை ஏன் டாக்டரய்யா அறுக்கிறீங்கோ? என்னுதுல எடுத்துக்கோங்கோ. அவ சின்னப் பொண்ணு. நாளைக்குப் புள்ளையத் தூக்கிக்கினு நடக்க வாணாவா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அடுத்தவங்க தோல் ஒட்டாதும்மா" என்றார் மெதுவாக.

டாக்டர் சொன்னபடியே தைத்துச் சேர்த்துக் கட்டிய கால்களோடு திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் கிடந்தேன். மலம், மூத்திரம் எல்லாம் மாமியார்தான் எடுத்தார். பிரிப்பதற்கு முன்னால், ஒட்டிய தோல் வலது காலின் ரத்தத்திலேயே பிழைக்குமா என்று பார்க்க, இடது காலிலிருந்து ரத்தம் வராதபடி இணைப்பை இடுக்கியால் இறுக்கினார்கள். குதிகாலில் ஒட்டிய தோல் வெளுத்தது. ஓரம் நீலம் பாரித்தது. டாக்டர் குனிந்தவர் நிமிரவே இல்லை. மாமியாரின் பிடியில் என் விரல்கள் நொறுங்கிவிடும்போல் இருந்தன. பிறகு, குதிகால் பக்கமிருந்து மெல்லச் சிவப்பு ஏறியது.

"புடிச்சிக்கிச்சு" என்று மாமியார்தான் முதலில் சொன்னார்.

சில மாதம் கழித்துத் தொடைச் சதையை மூடியிருக்கும் கெட்டியான சவ்வில் ஒரு பட்டையை எடுத்து, வீணான குதிகால் நரம்புக்குப் பதிலாக வைத்துத் தைத்தார்கள். லேசாகச் சாய்ந்தாலும் நடந்தேன்; பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒருவர் வாய் திறக்காமல் இருந்தாலே எனக்கு எதிராகத்தான் யோசிக்கிறார் என்று முடிவுகட்டும் புத்தி மட்டும், அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலோடு என்னை விட்டுப் போய்விட்டது.