அஞ்சலையின் குழியில் நான் நட்ட புல்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். திரிங்காப்பில் கோஸ் பயிர் போட்டேன், மூன்று லோரி வாங்கி ஓட்டினேன், பிரிஞ்சாங் டவுனில் மாடி வைத்துக் கடை கட்டினேன்; எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஆனால் இந்த மலையில் நான் முதலில் நட்டது கோஸ் அல்ல, ஒரு புல். கிள்ளினால் பச்சை வாடை அடிக்கும். அந்த வாடை இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது.

எனக்கு எட்டு வயதில் தங்கச்சி அஞ்சலை காய்ச்சலில் போய்விட்டாள். பெரியவர்களை எரித்தாலும் சிறுபிள்ளைகளைப் புதைப்பதுதான் எங்கள் வழக்கம் என்பதால், தேயிலைக்கு மேலே இருந்த சரிவில் புதைத்தார்கள். கல் நட வசதியில்லை. "நாலு மழை போதும், 'லாலாங்' புல்லு ஆளுயரம் வளந்து மூடிடும். அப்புறம் எந்தக் குழி யாருதுன்னு சாமிக்கே தெரியாது" என்றார் குழி வெட்டிய பெரியப்பா. அதைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

அம்மாவுக்குத் துரை பங்களாவில் புல்தரையைப் பார்க்கும் வேலை. அங்கே ஒரு இளம்பச்சைப் புல்லைத் தினமும் பிடுங்கிக் குவிப்பாள். பங்களா புல் என்றால் உசத்தி என்று நம்பி, அந்தக் குவியலைச் சாக்கில் அள்ளிப் போய் அஞ்சலையின் குழிமேல் நட்டேன். பார்த்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்: "அடப்பாவி, துரைசாணி வீசச் சொன்ன களைடா இது! பிள்ளை நெஞ்சு மேலயா நட்டு வச்சே?"

ஆனால் பிடுங்கவில்லை. சுற்றிலும் லாலாங் கருத்து நிற்க, அந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்ததால் பங்களா வாசலிலிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொள்வாள். சில மாதத்தில் புல் காய்ந்து செத்தது. பிள்ளையே மறுபடி போனதுபோல் அம்மா இரண்டாம் முறை அழுதாள். பிறகு உதிர்ந்த விதையிலிருந்து தானே முளைத்தது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அகலமாக. சாகும்போது அம்மா, "அந்த எடத்த விட்டுராதடா" என்றாள்.

லோரி, கடை என்று அலைந்ததில் பல வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை.

போன மாதம் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி என் கடை முன் குந்தி அதே புல்லைப் படம் பிடித்தாள். "நுனியப் பாரும்மா, தோணி மூக்கு மாதிரி குவிஞ்சிருக்கும். விரலால அமுக்கு, ரெண்டா பிளக்கும்" என்றேன். "அங்கிள், எந்த யூனிவர்சிட்டில படிச்சீங்க லா?" என்று சிரித்தாள். வெளிநாட்டுப் புல், ஒரு வருஷத்துக்குள் காய்ந்துபோகும், மலையில் எப்படிப் பரவியதோ தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

மறுநாள் சரிவுக்கு ஏறினேன். லாலாங்கை வெட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள்; பாதை நெடுக, மேடு நெடுக, எங்கும் அதே வெளிறிய பச்சை. எது அவள் இடம்? மண்டி போட்டுத் தடவித் தடவிப் பார்த்தேன். இத்தனை கட்டியவன் மூன்று முழ இடத்தைத் தொலைத்துவிட்டேன்.

படித்தவர்களே, தெரியவில்லை என்று எழுதாதீர்கள். பங்களாவுக்குள் கிடந்த புல்லை மலைக்குக் கொண்டுவந்தவன் நான். என் பெயரைப் போடுங்கள். பக்கத்தில் அஞ்சலை என்றும் போடுங்கள். அவள் பெயரை இதுவரை எந்தக் கல்லிலும் யாரும் எழுதவில்லை.