சட்டைக்குச் சட்டை

2004-ம் வருஷக் கோடை. கீழ்க்கட்டளையில் எங்கள் வீடு. நான் தாம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் டீச்சர். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, நான், தம்பி, மூன்றே பேர். தம்பி ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். வாரம் பூரா ஏ.சி.யில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கல்குவாரிக்கு ஓடிவிடுவான்.

எங்கள் பக்கத்தில் கல் உடைத்துக் கைவிட்ட குவாரிகள் உண்டு. மழைத் தண்ணீர் நிரம்பி, பச்சையாக, ஆழம் தெரியாமல் கிடக்கும். டி.வி.யில் வெளிநாட்டுக்காரர்கள் மலை உச்சியிலிருந்து கடலில் குதிப்பதைப் பார்த்துவிட்டு, இவனும் இவனுடைய மூன்று நண்பர்களும் அங்கே பாறை மேலிருந்து குதிக்க ஆரம்பித்தார்கள். "இது ஸ்போர்ட்ஸ், அக்கா" என்பான். "கொழுப்பு" என்பேன் நான்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தன் புது உயரத்திலிருந்து முதல் தடவை குதித்துக் கரையேறினால், கூட வந்தவர்களில் ஒருத்தன் தன் டி-ஷர்ட்டைக் கழற்றி அவனுக்குக் கொடுப்பான். பதிலுக்கு அவனுடையதை வாங்கிக்கொள்வான். இப்படியே மாற்றி மாற்றி, தம்பியின் அலமாரியில் அவனுடைய டி-ஷர்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவன் நல்ல குண்டு. அவன் சட்டை தம்பிக்கு நைட்டி மாதிரி தொங்கும். அதைத்தான் ஆசையாகப் போட்டுக்கொண்டு அலைவான்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? ப்ளஸ் ஒன் பாடத்தை அவனுக்கும் நடத்தினேன். பண்டமாற்றில் உன்னிடம் இருப்பது அவனுக்கு வேண்டும், அவனிடம் இருப்பது உனக்கு வேண்டும், அளவும் பொருந்த வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் மனுஷன் பணத்தைக் கண்டுபிடித்தான். சம்பளம் வாங்குகிறாயே, உன் சைஸுக்கு ஒன்று வாங்கித் தொலையேன் என்றேன்.

"காசு குடுத்து வாங்கினா அது யாரோடதுன்னு யாருக்குக்கா தெரியும்? இது அவனோடதுன்னு எனக்குத் தெரியும்ல" என்றான்.

பரீட்சையில் இப்படி எழுதினால் முட்டைதான் போடுவேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அந்த வருஷம் கடும் தண்ணீர்ப் பஞ்சம். தெருவுக்குத் தெரு லாரித் தண்ணீர்தான். குவாரியில் மோட்டார் போட்டு உறிஞ்சி, லாரியில் ஏற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் குதிக்கும் பாறையிலிருந்துதான் தம்பி குதித்தான். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நான்கு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. கீழே பாறை இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அந்த மூன்று பேரையும் பார்த்து அம்மா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "எம்புள்ளைய மேல ஏத்திவிட்டு வேடிக்கை பாத்தீங்களாடா? இனிமே என் வாசல மிதிக்காதீங்க." சாவுக்கு வந்தபோது அந்த மூன்று பேரும் தெருமுனையிலேயே நின்றார்கள். காரியத்துக்கு வரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் தம்பியின் அலமாரி காலி. சமையலறையில் புதிதாக ஒரு எவர்சில்வர் குண்டான். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மாளிடம் மொத்தத்தையும் போட்டுவிட்டிருந்தாள் அம்மா. நான் ஆடித் தீர்த்துவிட்டேன். செத்தவன் துணியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவார்களா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அம்மா கோபப்படவில்லை.

"தெறந்து பாக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல. எல்லாம் இந்த வீட்டவிட்டுப் போயிட்டே இருக்குடி. ஏதாவது ஒண்ணு உள்ள வரட்டுமேன்னு வாங்கினேன்" என்றாள்.

அந்தக் குண்டான் பரண்மேல் கவிழ்த்தபடியே கிடந்தது. அம்மா அடுப்புப் பக்கம் போவதையே விட்டிருந்தாள். நான் எதையாவது கிண்டி வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு காலை, கேட்டுக்கு வெளியே அந்த மூன்று பேரும் நின்றார்கள். உள்ளே வரவில்லை. ஆளுக்கொரு பை. நான் போய்ப் பார்த்தால், தம்பியின் சட்டைகள். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். குண்டுப் பையன் கொண்டுவந்தது அவன் தோளில்கூட ஏறியிருக்காது. போட முடியாத சட்டையை இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறான்.

பின்னாலேயே அம்மா வந்துவிட்டாள். வாசலில் வைத்துத் திட்டித் துரத்தப்போகிறாள் என்று பயந்தேன்.

"இதெல்லாம் அவனோடது ஆன்ட்டி. உங்ககிட்ட இருக்கட்டும்னு..." என்றான் குண்டுப் பையன். "எங்களுது எதுவும் திருப்பி வேணாம்."

அம்மா ஒரு சட்டையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். சோப்பு வாசனைதான் வந்திருக்கும். "உங்களுதுதான் இங்க இல்லியேப்பா" என்றாள். பாத்திரக்கார அம்மாள் கதையை நான்தான் சொன்னேன். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். சரி, கிளம்பச் சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுக்கும்போது, பரணிலிருந்து குண்டானை இறக்கும் சத்தம் கேட்டது.

"வெளிய என்ன நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.

அன்றைக்குத்தான் அம்மா மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தக் குண்டானிலேயே சாம்பார் சாதம் செய்து, மூன்று பேரையும் உட்கார வைத்து, தன் கையால் பரிமாறினாள். "இதுதான்பா உங்க சட்டை. வயிறாரச் சாப்பிடுங்க" என்றாள். குண்டுப் பையன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அழுதான். அம்மாவும் அழுதுகொண்டே அவனுக்கு இன்னொரு கரண்டி வைத்தாள்.

அந்தக் கோடையில் நாங்களும் லாரித் தண்ணீர்தான் வாங்கினோம். காசைக் கொடுத்தோம், தரைக்கடித் தொட்டியை நிரப்பினோம். எந்தக் குவாரியில் எடுத்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. காசைக் கொடுத்துவிட்டால் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

பண்டமாற்றின் குறைகளை இன்றும் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன், பிள்ளைகளும் அப்படியே எழுதி மார்க் வாங்குகிறார்கள்; என் தம்பி அன்றைக்குச் சொன்ன பதிலுக்குத்தான் முழு மார்க் போட்டிருக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.