அமைச்சருக்குக் குரல் கொடுத்தவள்

நாடாளுமன்ற மண்டபத்தின் மேல்மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. கீழே ஒரு மொழியில் பேசுவதை உடனுக்குடன் இன்னொரு மொழியில் சொல்வதுதான் அங்கே அவளுடைய வேலை. அமைச்சர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூண்டை விட்டு வெளியே வந்தால் அவள் வாயே திறப்பதில்லை.

வீட்டிலும் பேச ஆள் இல்லை. உறவென்று ஒரு தம்பி. எங்கோ ஆற்றோரத்தில், வெள்ளக் கண்காணிப்பு நிலையத்தில் ஒப்பந்த வேலை. ஞாயிறுதோறும் போன் செய்வான். வாரம் முழுவதும் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அவள் அவனிடம்தான் கொட்டுவாள்.

அந்த ஆண்டு நிதியமைச்சர் ஒரு மசோதா கொண்டுவந்தார். எந்த வருஷமானாலும் அரசு வரவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது. நிறைவேறினால் முதலில் வீட்டுக்குப் போவது ஒப்பந்தக்காரர்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நீண்ட விவாதங்களில் கேட்பவர்கள் குழம்பாதிருக்க, ஒரு தரப்புக்கு ஒரே குரல் என்பது கூண்டின் வழக்கம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அமைச்சர் தரப்பு அவளுக்கு வந்தது.

முதல் நாள் விவாதத்தைத் தம்பி நிலையத்தில் உட்கார்ந்து வானொலியில் அவள் குரலில் கேட்டிருக்கிறான். ஞாயிறு வரும்வரை பொறுக்காமல் கூப்பிட்டான். "என் வேலைய வெட்டணும்னு நீயே சொல்றியேக்கா" என்று சிரித்தான். அது தன் பேச்சில்லை என்றாள். அது தனக்கும் தெரியும் என்றான். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னான்:

"நாளைக்குக் கொஞ்சம் திக்கித் திணறித்தான் சொல்லேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் போனை வைத்துவிட்டு மசோதாவின் நகலை எடுத்துப் படிக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். வெள்ளம் வந்த வருஷத்தில் வரவு படுத்துவிடும், செலவு எகிறும், அன்றைக்கு உடைந்த கரையை யார் கட்டுவது என்று கேட்டார். அமைச்சர் தடுமாறினார். "நல்ல வருஷங்களில் நாம்... அதாவது, சேமிப்பு என்பது..." என்று இழுத்தவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவளும் அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அறுந்த வாக்கியத்தை முடிச்சுப் போட்டுக் கொடுப்பது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். "நல்ல வருஷங்களில் நான் எடுத்துவைக்கும் பணம் அந்தக் கரையைக் கட்டும்" என்று தெளிவாக, அழுத்தமாக முடித்தாள். அவள் மொழியில் கேட்டுக்கொண்டிருந்த பின்வரிசைக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று அமைச்சருக்கே விளங்கவில்லை.

கூண்டில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அமைச்சர் சொல்லாததைத் தான் சொல்லிவிட்டதும், அதைத் தம்பியும் கேட்டிருப்பான் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மசோதா மயிரிழையில் தோற்றது. தம்பியின் வேலை தப்பியது. ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. துணிகளை இரண்டு தடவை மடித்து வைத்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

வேலையெல்லாம் எப்படி என்று கேட்டாள். இருக்கிறது என்றான். பின்னால் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு யாருக்காகப் பேசறக்கா?"

"எனக்காகத்தாண்டா" என்றாள். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். காதில் யாரும் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனும் காத்திருந்தான். பிறகு, தண்ணீர் மட்டம் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தான்.