கேளாமல் ஒடித்த கிளை

கள்ளாமை என்னும் பேரறம் சின்னசேலத்தில் ஒருவரிடம் குடிகொண்டிருக்கிறது. அவர் பெயர் ராணியம்மாள். பிறர் வீட்டு ஊசியையும் தொடாதவர். செடிகள் மட்டும் அவ்வறத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. கேட்டு வாங்கிய குச்சி வேர்விடாது என்பது அவர் நம்பிக்கை. ஆகவே தெருவின் வேலிதோறும் ஓசையின்றிக் கிளை ஒடித்து, மேல்நுனியில் சாணம் அப்பி, உடைந்த குடங்களில் நட்டுத் தம் கொல்லையை நந்தவனமாக்கினார். முதற்பூவைப் பெருமாளுக்குச் சாத்திவிடுவதால், அவருக்கும் இதில் முழுச் சம்மதம் என்பது அம்மையாரின் துணிபு.

வெள்ளிமலையில் வாழ்ந்த தாய் இறந்தபின், எதிர்வீட்டு நிர்மலா அவர் நினைவாக அங்கிருந்து கொண்டுவந்து தன் வேலியோரம் வைத்த பன்னீர் ரோஜா இவ்வாண்டு வெயிலில் பட்டுப்போயிற்று. உறைமோர் வாங்க வந்தவள், ராணியம்மாளின் கொல்லையில் அதே ரோஜா பூத்து நிற்கக் கண்டாள்.

"அக்கா, இது எங்கம்மா வூட்டு ரோஜாவாச்சே! இங்க எப்படி வந்துச்சு?"

"காத்துல வந்திருக்கும்டி."

"ஆமா, காத்துல வந்து, தலையில சாணியும் பூசிக்கினு நின்னுச்சாக்கும்! போவட்டும், எனக்கு ஒரு குச்சி குடுங்கக்கா. அம்மா ஞாபகத்துக்கு வேற ஒண்ணுமில்ல."

ராணியம்மாள் பதறிப்போனார். "கேட்டுட்டியேடி, பாவி! கேட்டது துளிர்க்காதே! நான் உள்ள போய் அடுப்பப் பாக்கறேன். நீ இன்னா பண்ணுவியோ, எனக்குத் தெரியாது. பெரிய கிளையா ஒடி."

தம் வீட்டில் திருட்டு இனிது நடைபெறத் தாமே கதவைச் சாத்திக்கொண்ட அப்பெருமாட்டியின் மனையில் பூவும் மஞ்சளும் நீங்காது நிலைக்க. பெருமாள் அருளால் அக்குடி தழைத்து வாழ்க!