நாற்பத்தெட்டு ஓட்டைக்காக ஒரகடம் போனேன்

2013, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை 7.40க்குத் தாம்பரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பேருந்தில் ஏறினேன். தோளில் ஒரு பை, கையில் போர்வை சுற்றிய அலுமினியத் தகடு. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். நடத்துனர் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்டுக் கதவ கழட்டிகினு வந்துட்டீங்களா?" என்றார். ஒரகடத்துக்குப் பதினாறு ரூபாய். கதவுக்குத் தனி டிக்கெட் போடவில்லை, நல்ல மனுஷன்.

கதவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக வீட்டில் நானே ஒரு மாடுலர் சிந்தசைசர், அதாவது மின்சார வாத்தியம், செய்துகொண்டிருந்தேன். அதில் ஆர்மோனியம் மாதிரி கட்டைகள் கிடையாது. ஒரு சர்க்யூட் ஒலியை உண்டாக்கும், இன்னொன்று அதை வளைக்கும், மற்றொன்று நறுக்கும். எதை எதோடு வயரால் சேர்க்கிறோமோ அதற்குத் தகுந்த சத்தம். வாசிப்பது என்றாலே வயரைப் பிடுங்கிப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகுவதுதான். சொருகும் ஓட்டையெல்லாம் இந்தத் தகட்டில்தான், இதுதான் பெட்டியின் முகம். வயர் முனையில் எந்தப் பின் என்று முடிவானால்தான் தகட்டில் எந்த அளவு ஓட்டை என்று முடிவாகும். மொத்தம் நாற்பத்தெட்டு ஓட்டை. அடுத்த சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் இருபது பேர் முன்னால் வாசிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். கையில் இருந்ததோ ஒரே தகடு. ஓட்டையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. 

படப்பையில் பாதிப் பேருந்து காலியானது. அதைத் தாண்டி இரண்டு பக்கமும் மனைப் பலகைகள், பலகைக்கு ஒரு நகர். வீடுதான் ஒன்றையும் காணோம்.

8.50க்கு ஒரகடம். இசக்கி பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். தென்காசிப் பக்கத்துக்காரன், பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். கார்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் ஐந்து வருடமாக லைனில் நிற்கிறான். பின் விஷயத்தில் அவன் சொன்னால் எனக்கு வேதவாக்கு.

"வா மாப்ள. ரூம்ல எல்லாம் ரெடியா இருக்கு" என்றான்.

பைக்கைத் தள்ளிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு நடந்தோம். ஆறு பேர் தங்கும் அறை. ஜன்னல் கம்பியில் கட்டிய மூன்று சாக்கெட்டுகளில் சொருகிய வயர்கள் தொங்கின; வயரில் வாளியைக் கட்டித் தண்ணீர் ஊற்றினால் எது கழறாமல் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. முதல் வயரில் ஹெட்போன் பின். வாளியில் ஒரு மக் தண்ணீர் ஊற்றியதுமே கழன்று விழுந்தது. "ரிஜெக்ட்" என்றான் இசக்கி. அடுத்தது மேடைக்காரர்கள் வைத்திருக்கும் தடித்த மைக் பின். அரை வாளிக்குத் தாங்கவில்லை. "ரிஜெக்ட்." மூன்றாவது, அவன் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்த உருண்டை கனெக்டர். சொருகி, மேலே வளையத்தைத் திருகி மூட வேண்டும். வாளி நிறையத் தண்ணீர் ஊற்றியும் அசையவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து படுத்திருந்த இரண்டு பேர்கூட எழுந்து கை தட்டினார்கள்.

"பாத்தியால! வண்டி குழில விழுந்து எந்திரிச்சாலும் கழறாது" என்றான்.

எனக்கும் புல்லரித்துவிட்டது. இரண்டு வருடம் சர்க்யூட் போட்டவன் ஒரு வாளியைப் பார்த்து மயங்கினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பதினாறு எம்எம் ஓட்டை என்று அங்கேயே முடிவானது.

இசக்கியின் பைக்கில் மூன்று பேர் போக முடியாது; தகடுதான் அந்த மூன்றாவது ஆள். ஆகவே ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பதினைந்து ரூபாய். 11.15க்குப் பிள்ளைப்பாக்கம். ஒரு பக்கம் நாற்று, மறுபக்கம் கம்பெனி மதில். நடுவில், இசக்கிக்குத் தெரிந்த கஸ்தூரி அக்காவின் தகரக் கொட்டகை. இரண்டு டிரில்லிங் மிஷின் வைத்துக் கம்பெனிகளுக்கு வேலை செய்து தருகிறார், ஞாயிறும் உண்டு.

"எத்தினி எம்எம்?" என்றார்.

"பதினாறு. நாற்பத்தெட்டு ஓட்டை."

துளை போடும் பிட்டை மிஷினில் மாட்டினார். தகட்டைத் தொடவில்லை. கழிவில் கிடந்த துண்டுத் தகட்டை இழுத்தார். "ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே ஆவாம நான் மெயின் பீஸ தொட மாட்டேன். இன்னா வேல செய்யுமோ அத செஞ்சு காட்டு, அப்பால போடறேன்" என்று துண்டில் நான்கு ஓட்டை போட்டு நீட்டினார். இசக்கி மூன்று வகைப் பின்னையும் கையோடு கொண்டுவந்திருந்தான்; அதில் உருண்டை கனெக்டரை மாட்டினேன். செய்து காட்டு என்றால்? வாசித்துக் காட்ட வேண்டும்! சர்க்யூட்டெல்லாம் வீட்டில்; சத்தம் வராவிட்டாலும் வயர் மாற்றும் கையையாவது காட்டலாம்.

பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள், பம்பை விடாமல் முழங்கிக்கொண்டிருந்தது. சரி, அந்தத் தாளத்துக்கே வயரை மாற்றுவோம் என்று ஆரம்பித்தேன். திருகு, திருகு, திருகு, இழு, சொருகு, மறுபடி திருகு. பம்பை எங்கேயோ போய்விட்டது. நான் இன்னும் முதல் வயரில்.

"இன்னாபா, பாட்டு பாட்றியா, பஞ்சர் ஒட்றியா?" என்றார் அக்கா.

இசக்கியின் முகம் சுருங்கியது. பாவமாக இருந்தது எனக்கு. அவன் துண்டுத் தகட்டை வாங்கி அக்காவிடம் நீட்டினான். பிறகு அவனே, "அக்கா, மைக் பின்னுக்குப் பத்து எம்எம்ல நாலு போடுங்க, ஹெட்போன் பின்னுக்கு ஆறுல நாலு போடுங்க" என்றான்.

ஹெட்போன் பின் சட்டென்று கழன்றது, ஆனால் அவசரத்தில் என் தடித்த விரல் மூன்று தடவையில் ஒரு தடவை ஓட்டைக்குப் பக்கத்தில் குத்தியது. மைக் பின் கைக்கு அடங்கியது. இழு, சொருகு. இழு, சொருகு. பம்பையின் அடியில் சரியாகப் போய் விழுந்தது. இசக்கி துள்ளிவிட்டான்.

"எங்க லைன்ல கழண்டு வந்தா ரிஜெக்ட்டு. ஒன் பொட்டில கழண்டு வரலேன்னாத்தான்ல ரிஜெக்ட்டு! இத யோசிக்காம வாளியக் கட்டித் தொங்கவிட்டிருக்கேன் பாரு."

"நானும்தானே கை தட்டினேன்" என்றேன்.

பிட் மாறியது, பத்து எம்எம். முதல் ஓட்டை விழும்போது தகட்டின் ஓரத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன். பத்தாவதுக்குப் பிறகு போய்க் கூழ் குடித்துவிட்டு வந்தோம். இரண்டு மணிக்கு நாற்பத்தெட்டும் முடிந்தன. அக்கா ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பின்னை விட்டு எடுத்துப் பார்த்த பிறகுதான் தகட்டைத் தந்தார். வயர்களைத் தானே பற்றவைத்து சனிக்கிழமை கொண்டுவருவதாக இசக்கி சொன்னான், ஷிப்டை மாற்றிக்கொள்வானாம்.

4.10க்குத் திரும்பும் பேருந்து. தகட்டை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மனசு லேசாகி இருந்தது. பெரம்பூரில் எங்கள் தெருவில் இரண்டு வருடமாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். இதெல்லாம் எதுக்குப்பா, யார் கேக்கப் போறா, என்ன பிரயோஜனம்? பதில் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. அன்று நான் போன இடத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எத்தனை எம்எம் என்று கேட்டார்கள்.