மிதவைக்குள் பெட்ரோல்

கோரிப்பாளையம் சிக்னலில் இன்று பெட்ரோல் நெடி ஏறியதும், எண்ணெய் குடித்துக் கறுத்த மண் தரையும் தகரக் கூரையுமாய், சமயநல்லூரில் நாலுவழிச்சாலை விழுங்கிவிட்ட அந்த மெக்கானிக் கொட்டகை கண்முன் நின்றது. அன்று அங்கே இருந்தவர்கள் மெக்கானிக், டிராக்டர் முதலாளி, டிரைவரான என் அப்பா, அவரைப் போலீஸ் பிடித்துப்போகுமோ என்று நடுங்கிய எட்டு வயது மகள் நான்.

பெட்ரோலில் ஓடிய அந்தக் காலத்து டிராக்டர் கரும்புகை கக்கி அதை மளமளவெனத் தீர்க்க, அப்பாதான் திருடி விற்கிறார் என்று முதலாளி ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் மிதக்கவேண்டிய பித்தளை மிதவையை முதலாளியின் காதருகே குலுக்கினார். சளக் சளக்கென்றது.

"திருடுனது இதுதாண்ணே. ஓட்டை விழுந்து, பெட்ரோலக் குடிச்சு முங்கிக் கெடக்கு. இது மெதந்தாத்தான் பெட்ரோல் வர்ற வழி அடைபடும். அடைபடாம எஞ்சினுக்கு அம்புட்டும் போயிருச்சு."

முதலாளி அப்பாவிடம் திரும்பினார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்னடா?"

வாய் கூசவில்லை அந்த மனிதருக்கு! அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிடித்த முன்னூறு ரூபாய் இன்னும் வரவில்லை.